பவர் ஏறிய கண்ணும் கருவிழியின் வலுவும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லைச்சீமை:
கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சைக்குப் போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? நான் ஒருத்தி. வலது கண் மைனஸ் 8, இடது மைனஸ் 7.5. கல்யாணப் பேச்சு தொடங்கியதும் கண்ணாடியைக் கழற்று என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. (மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருந்தால் படித்த களை, பெண் போட்டிருந்தால் குறை. இந்த நியாயம் எந்த ஊரில் விளைந்ததோ!)

சோதனைகள் முடிந்ததும் மருத்துவர் என் கோப்பின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். என் கருவிழியின் (கண்ணின் முன்னால் தெளிவாக இருக்கும் கார்னியாவின்) நடுப்பகுதித் தடிமன் 486 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். பொதுவாக 540 அளவில் இருக்குமாம். லேசிக் என்ற அந்த லேசர் சிகிச்சையில் முதலில் மேலே ஒரு மெல்லிய மடலை வெட்டித் தூக்குவார்கள், அதற்கு 110. பிறகு ஆறு மில்லிமீட்டர் வட்டத்துக்குள் ஒவ்வொரு பவருக்கும் ஏறக்குறைய 12 மைக்ரான் சீவ வேண்டும், எட்டுக்கு 96. மிச்சம் 280. “250க்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய விதி. அதில் தேறிவிடுகிறீர்கள். ஆனால் மடலும் சீவலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 42 சதவீதம் கைவிட்டுப் போகிறது. 40ஐத் தாண்டினால் நான் தொடமாட்டேன்” என்றார்.

காற்றை ஊதிப் பார்க்கும் சோதனையிலும் என் கருவிழி கொஞ்சம் தளர்வு என்றார். பவர் ஏறியதால் தளர்ந்ததா, தளர்ந்திருந்ததால் பவர் ஏறியதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இருட்டறை:
நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பார்வையைச் சோதிப்பவன். அந்தக் காற்றுக் கருவியோடுதான் என் பகல் பொழுது கழிகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கருவி ஒரு சிறு காற்றுத் துடிப்பை விடுகிறது. வளைந்திருக்கும் கருவிழி முதலில் தட்டையாகிறது, பிறகு உள்ளே குழிகிறது, காற்று தணியும்போது மறுபடி தட்டையாகிப் பழைய வளைவுக்குத் திரும்புகிறது. உள்ளே போகும்போது தட்டையாகும் கணத்தில் இருக்கும் அழுத்தமும், திரும்பும்போது தட்டையாகும் கணத்தில் இருக்கும் அழுத்தமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம்தான் ஹிஸ்டெரிசிஸ். வாங்கிய அடியில் கருவிழி எவ்வளவைத் தனக்குள் விழுங்கிக்கொள்கிறது என்பதற்கான அளவு அது. ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10, 11 மில்லிமீட்டர் பாதரச அளவில் வரும். 2005 வாக்கில்தான் இதை உயிருள்ள கண்ணில் அளக்க முடிந்தது. பின்னால் வந்த இன்னொரு கருவி நொடிக்கு 4,000 படங்களுக்கு மேல் எடுக்கிறது. அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கருவிழி உள்வாங்கும்போது ஓரங்கள் அலைபோல் அசைவது திரையில் தெரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் “என் கண்ணா இது?” என்று கேட்காமல் போவதில்லை.

இப்போது உங்கள் கேள்வி. மைனஸ் 1, 2 உள்ளவர்களையும் கண்ணாடியே போடாதவர்களையும் இந்த எண்ணை வைத்து என்னால் பிரிக்க முடியாது. மைனஸ் 6ஐத் தாண்டியவர்களிடம் எண் சற்றுக் குறைவாகவும் குழி சற்று ஆழமாகவும் வருவது வழக்கம், தளர்வு என்பது அதைத்தான். பல நாடுகளின் ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ஆனால் அது கூட்டத்துக்கான சராசரி. மைனஸ் 10 வைத்துக்கொண்டு திடமான கருவிழியோடு வருபவர்களும் உண்டு.

கிட்டப்பார்வை பெரும்பாலும் கருவிழியில் பிறப்பதில்லை. விழிக்கோளம் பின்பக்கமாக நீள்வதால் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறக்குறைய இரண்டரைப் பவர் ஏறும். நீளும்போது மெலிவது பின்புறத்து வெள்விழிச் சுவர். அதை ஊதிப் பார்க்க வழியில்லை. வெள்விழியும் கருவிழியும் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நாரால் ஆனவை என்பதால், முன்னால் இருப்பதை அளந்து பின்னால் இருப்பதை ஊகிக்கிறோம். பத்தமடைப் பாயின் ஓரத்தைத் தடவி நடுநெசவைச் சொல்லும் வேலை! எது காரணம், எது விளைவு என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன்: பவர் அதிகம் என்றால் கருவிழி மெல்லியது என்ற பேச்சை நம்பாதீர்கள். தடிமனுக்கும் பவருக்கும் அப்படிக் கட்டாய உறவு எதுவும் இல்லை.

கொங்குத் தந்தை:
என் மகனுக்குக் கருவிழியிலேயேதான் கோளாறு. பள்ளி முடிக்கும்வரை மைனஸ் 2, எல்லோரையும் போல. கல்லூரியில் சேர்ந்தபின் ஒவ்வொரு சோதனையிலும் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததால் வருவது) தாவியது, அதன் கோணமும் இடம் மாறியது. புதுக் கண்ணாடி போட்டும் தெருவிளக்குகளுக்கு வால் முளைத்தது போலத் தெரிகிறது என்றான். கண்ணாடிக் கடையில் ஆளுக்கொரு பவர் எழுதிக் கொடுத்தார்கள். மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் டோப்போகிராபி, அதாவது கருவிழி வளைவின் வரைபடம், எடுத்த பிறகுதான் வரைபடத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது. கெரட்டோகோனஸ். கருவிழி வலுவிழந்து கூம்பு போல முன்தள்ளும் நோய். மருத்துவர் அவனிடம் முதலில் கேட்டதே “கண்ணைக் கசக்குவாயா?” என்றுதான். தூசி ஒவ்வாமை அவனுக்கு உண்டு. விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்ப்பான்.

குறுக்குப் பிணைப்பு சிகிச்சை செய்தார்கள். மேல்தோலை நீக்கி, மஞ்சள் நிற ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டு மருந்தை அரைமணி நேரம் விட்டு, பிறகு அரைமணி நேரம் புற ஊதா ஒளி. கொலாஜன் நார்களுக்கிடையே புதுப் பிணைப்பு உண்டாகிக் கருவிழி விறைப்பாகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாக்கி 2003இல் வெளியிட்ட முறை என்று பிறகு படித்தேன். அதற்கும் 400 மைக்ரானாவது தடிமன் வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாள் பையன் துடித்துப்போனான், அதை யாரும் முன்கூட்டி அழுத்திச் சொல்வதில்லை. கண்ணாடி போகாது, நோய் அதோடு நிற்கும், அவ்வளவே. நிற்கிறது.

இதே பையனை ஏதாவது ஒரு சலுகை விலை லேசர் முகாமில் படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. லேசிக்குக்குப் பின் கருவிழி பிதுங்குவதைப் பற்றி 1998இலேயே எழுதிவிட்டார்கள்.

மலையேறி:
பிதுங்குவது ஒரு பக்கம், தட்டையாவது இன்னொரு பக்கம். லேசருக்கு முன்பு கருவிழியில் கத்தியால் ஆரக்கால் போலக் கீறிக் கிட்டப்பார்வையைச் சரிசெய்தார்கள். மாஸ்கோவில் ஃபியோதரோவ் 1970களில் பிரபலமாக்கிய முறை. அப்படிக் கீறிக்கொண்ட அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ் 1996 மே மாதம் எவரெஸ்டில் ஏறும்போது பார்வை மங்கிப் பாதியில் உட்கார வேண்டியதாயிற்று. ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் கீறிய கருவிழி வீங்கி, நடுப்பகுதி தட்டையாகிவிடும். அன்றைய புயலில் அவர் பிழைத்ததே அதிசயம், ஒரு கையை இழந்தார். இமயத்துக்குக் கிளம்புபவர்களில் அப்படிக் கீறிக்கொண்ட பழைய ஆட்கள் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ஓய்வூதியர்:
என் கதை சிறியது. லேசிக் செய்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு சோதனையிலும் கண் அழுத்தம் 13, 14 என்று வரும், மகிழ்ச்சியோடு வீடு திரும்புவேன். புது மருத்துவர் ஒருவர் அந்த எண்ணை நம்பவில்லை, “எப்போதாவது லேசர் செய்தீர்களா?” என்றார். கோல்ட்மன் முறையில் அழுத்தம் பார்க்கும்போது கருவிழியைத் தொட்டுத் தட்டையாக்குகிறார்கள். சுமார் 520 மைக்ரான் தடிமனை மனத்தில் வைத்து 1950களில் வகுத்த முறை அது. சீவிய கருவிழி எளிதாக அமுங்குவதால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கண் நரம்பை ஸ்கேன் செய்ததில் கிளாகோமா, அதாவது அந்த நரம்பு மெல்லக் கெடும் நோய், தொடங்கியிருந்தது. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பே கூடுதலாம். லேசருக்கு முந்தைய அறிக்கையைத் தேடினேன். அந்த மருத்துவமனை பழைய கோப்புகளை வைத்திருக்கவில்லை. உங்கள் தாள்களை நீங்களே பத்திரப்படுத்துங்கள்.

சிங்கை அம்மா:
என் மகளுக்கு இரவில் மட்டும் போடும் லென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். காலையில் கழற்றினால் கண்ணாடி இல்லாமலே பள்ளிக்குப் போகிறாள். இதனால் கருவிழி நிரந்தரமாக வலுவிழக்குமா?

இருட்டறை:
அக்கா, அந்த லென்ஸ் பெரும்பாலும் மேல்தோல் அணுக்களை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுக்குகிறது. போடுவதை நிறுத்தினால் வளைவும் பவரும் திரும்பிவிடும். நான் பயப்படுவது தொற்றுக்குத்தான். குழாய்த் தண்ணீர் அந்த லென்ஸில் படவே கூடாது.

நெல்லைச்சீமை:
வேறு ஒரு மருத்துவரிடம் மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்றிருக்கிறேன். தினமும் மென்மையான லென்ஸ்தான் போடுகிறேன். அப்படியே போகலாமா?

இருட்டறை:
போகாதீர்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைச் சற்றே மாற்றி வைத்திருக்கும், வரைபடம் ஏமாற்றும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமானது என்றால் அதைவிட நீண்ட நாள் விட்டுவிட்டுப் போக வேண்டும். அதுவரை கண்ணாடியே போடுங்கள், வீட்டில் யார் என்ன சொன்னாலும் சரி. பழைய அறிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள்.