மறுமொழி: நெட்வொர்க் ஸ்விட்சுக்கு ஒரு சொல் – 'மடைப்பெட்டி' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நெட்வொர்க் ஸ்விட்சுக்கு, அதாவது வீட்டுக் கருவிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிக்கு, 'மடைப்பெட்டி' என்ற சொல்லை நான் முன்வைத்ததற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> நிலைமாற்றி என்ற சொல் ஏற்கனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது, சரி. ஆனால் அது சுவரில் இருக்கும் விளக்கு ஸ்விட்சுக்குத்தான் பொருந்துகிறது. எரிகிறது, அணைகிறது, இரண்டே நிலை. ரூட்டர் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு கிடக்கும் பெட்டி எந்த நிலையை மாற்றுகிறது?

பெயரால் வந்த வினையை நானே அனுபவித்தேன். வீட்டில் பாட்டுக் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டன: கூடத்தில் ஆம்ப்ளிஃபயரோடு ஒரு ஸ்ட்ரீமர் (வலையமைப்பு வழியாகப் பாட்டை வாங்கி ஒலிக்கும் கருவி), மாடியில் இன்னொன்று, பாட்டுக் கோப்புகளை வைத்திருக்கும் சேமிப்புப் பெட்டி, டிவி வேறு. மாடியில் வைஃபை அடிக்கடி அறுந்ததால் கேபிள் இழுத்தோம். ரூட்டரில் இருப்பதோ கேபிள் செருக நாலு வாய். எலெக்ட்ரீஷியனிடம் "டிவி பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வேண்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் 6 ஆம்ப் ஸ்விட்சும் பிளக்கும் அழகாகப் பதித்து வைத்திருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு?

அப்புறம் கடையில் கேட்டேன். "இதுவும் அதே வேலைதான் சார்" என்று இன்னொரு ரூட்டரைக் கையில் கொடுத்தார்கள். மாட்டியதும் இணையம் வந்தது, ஆனால் கூடத்தில் உட்கார்ந்து போனில் தேடினால் மாடிக் கருவி தெரியவே இல்லை. இரண்டாவது ரூட்டர் தனக்குப் பின்னால் ஒரு தனி வலையமைப்பையே உண்டாக்கிவிடுகிறது. போனிலிருந்து பாட்டைக் கருவிக்கு அனுப்ப உதவும் ஏர்பிளேயும் குரோம்காஸ்டும் "யாராவது இருக்கிறீர்களா" என்று 224.0.0.251 என்ற முகவரிக்குக் குரல் கொடுத்துத்தான் கருவிகளைக் கண்டுபிடிக்கின்றன, அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டாது. சாதாரண ஸ்விட்ச் என்றால் எல்லா வாய்க்கும் அனுப்பிவிடும். ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு ஐந்து வாய் ஸ்விட்ச் வாங்கி மாட்டிய அன்றே எல்லாம் ஒழுங்காகிவிட்டது. (ஒரு வாய் ரூட்டருக்குப் போய்விடும், மீதி நாலுதான். வாங்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.)

> இலங்கையில் ஆளி என்கிறோம். சுருக்கமாக இருக்கிறது, வலைப்பின்னல் ஆளி என்றால் போதாதா?

சுருக்கம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கேயும் அது விளக்கு ஸ்விட்சுக்கான சொல்தானே, எலெக்ட்ரீஷியன் கதை அப்படியே திரும்பும். இங்கே கடையில் ஆளி என்று கேட்டால் ஆளி விதையை எடுத்துக் கொடுப்பார்கள், அது தனி.

ஸ்விட்ச் என்ற பெயரை விட்டுவிட்டு அது செய்கிற வேலையைப் பார்ப்போம். ஸ்விட்சுக்கு முன்பு இதே வேலைக்கு இருந்த ஹப் என்ற பழைய பெட்டி ஒரு வாயில் வந்ததை மற்ற எல்லா வாயிலும் கொட்டிவிடும், வெள்ளம் மாதிரி. ஸ்விட்ச் அப்படி இல்லை. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் அனுப்பிய கருவியின் மேக் முகவரியை (கருவிக்கு உரிய அடையாள எண்) படித்து, அந்தக் கருவி எந்த வாயில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. அடுத்து அதற்கு ஏதாவது வந்தால் அந்த வாயில் மட்டும் விடுகிறது. எங்கே இருக்கிறது என்று தெரியாத முகவரிக்கும், மேலே சொன்ன "யாராவது இருக்கிறீர்களா" போன்ற பொதுக் குரலுக்கும் மட்டும் எல்லாப் பக்கமும் விட்டுப் பார்க்கும். கொஞ்ச நேரம், பொதுவாக 300 விநாடி, சத்தமே இல்லாத கருவியை மறந்தும்விடும்.

எந்த வயலுக்குத் தண்ணீர் போகவேண்டும் என்று பார்த்து மடையைத் திறந்துவிடுகிற வேலைதானே இது! ஸ்ட்ரீமுக்கு ஓடை என்று இங்கேயே பலர் எழுதுகிறோம். ஓடைக்கு மடை இயல்பாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்கிறவருக்கு நீர்க்கட்டி என்று அருமையான சொல் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு "வீட்டில் எட்டு நீர்க்கட்டி" என்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். மடையர் என்று வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

> மடைமாற்றி?

நான் முதலில் எழுதி வைத்திருந்ததும் இதுதான். இரண்டு காரணத்தால் அடித்தேன். நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தியில் படித்துப் படித்து அதில் திருட்டு வாடை ஏறிவிட்டது. இன்னொன்று, மடை மாற்றுவது என்றால் ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறப்பது; ஸ்விட்ச் ஒரே நேரத்தில் கூடத்துக்கும் மாடிக்கும் விடுகிறது.

அதனால் மடைப்பெட்டி. போர்ட்டுக்குத் துறை வேண்டாம், வாய் போதும்: ஐந்துவாய் மடைப்பெட்டி, எட்டுவாய் மடைப்பெட்டி. ஜங்ஷன் பாக்ஸ் பழகிய எலெக்ட்ரீஷியனுக்குப் 'பெட்டி' பிடிபடும். மடைப்பள்ளி ஞாபகம் வந்து சாப்பாட்டுப் பெட்டியா என்று கேட்பவர்கள் இருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இசைக்கென்றே தனி ஸ்விட்ச் என்று பெரும் விலைக்கு விற்கிறார்களே, அதற்கும் சொல் வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். சிடி தரத்துக்கு நொடிக்கு 1.4 மெகாபிட், 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ கோப்புக்கே 9.2 மெகாபிட்தான். பழைய 100 மெகாபிட் பெட்டிக்குக்கூட இது வாய்க்கால் ஓரத்துக் கசிவு.

ஞாயிற்றுக்கிழமை பின்கட்டு அறைக்கு இன்னொரு கேபிள் இழுக்க அதே எலெக்ட்ரீஷியன் வருகிறார். பெட்டியின் மேல் ஒட்டச் சீட்டு எழுதவேண்டும். அதற்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.