புதுப்பிப்பு: பகிர்ந்த தசைத் தரவில் சோலியஸின் விசை கூடியதற்கான காரணம்
வெளிநாட்டுக் குழுவொன்று பகிர்ந்த அட்டவணையைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் நாங்கள் கணித்த கெண்டைக்காலிலுள்ள சோலியஸ் தசையின் உச்ச விசை, அவர்களுடைய பெறுமானத்தைவிட ஏறத்தாழ எட்டிலொரு பங்கு கூடியிருந்தது பற்றிக் கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சார்கோமியர் (தசைநாரில் சுருங்கும் மிகச் சிறிய அலகு) நீளத்தைப் பார்க்கச் சொன்னவரின் ஆலோசனையே சரியானது. அட்டவணையில் இருந்த 36 மில்லிமீற்றர், உடலத்தில் அளந்தபடியே எழுதப்பட்ட நார் நீளம். அதன் சார்கோமியர் 2.4 மைக்ரோமீற்றர் என்பதால், மனிதத் தசைக்குரிய உகந்த நீளமான 2.7 ஆல் பெருக்கி 2.4 ஆல் வகுத்தபோது 40.5 மில்லிமீற்றர் கிடைத்தது. தசையின் திணிவு மாறாதிருக்க நார் நீளம் கூடினால் குறுக்குவெட்டுப் பரப்புக் குறையும். விசையும் அதற்கேற்பக் குறைந்து அவர்களுடையதோடு பொருந்தியது.

எதிர்பாராத ஒன்றும் அகப்பட்டது: நார்கள் இழுவைக் கோட்டோடு ஆக்கும் கோணம் அட்டவணையில் பாகையில் இருந்தது, தசை இயக்கத்தைக் கணிக்கும் மென்பொருளான ஓப்பன்சிம் கேட்பதோ ஆரையனில். தரவு பகிர்வோர் சார்கோமியர் நீளத்துக்கும் அலகுக்கும் தனி நிரல் வைத்தால், பெறுபவருக்கு வாரக்கணக்கான அலைச்சல் மிச்சமாகும்.