‘சமைத்த காலையுணவு’ வேண்டாம், ‘நிறைதட்டு’ எனலாம்

வணக்கம்.

முட்டை, பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சி), சாசேஜ் (அரைத்த இறைச்சியாலான பண்டம்) முதலியவற்றைச் சூடாக ஒரே தட்டில் பரிமாறும் பிரித்தானியக் காலையுணவை ஆங்கிலத்தில் ‘குக்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்பர். அதற்குத் தமிழ் அகராதிச் சொல்லாக முன்மொழியப்பட்டுள்ள ‘சமைத்த காலையுணவு’ சொல்லுக்குச் சொல் சரியானதே ஆயினும், இட்லிக்கும் பொங்கலுக்கும் விடியும்போதே அடுப்பு மூட்டும் வீடுகளில் அந்த அடைமொழி எதையும் வேறுபடுத்திக் காட்டாது. பிரித்தானியாவில் வேலைநாள் காலை பெரும்பாலும் பாலில் இட்ட தானியச் சீவலோடோ வாட்டிய ரொட்டியோடோ முடிந்துவிடுவதால்தான், அங்கே ‘சமைத்தது’ என்பதே சிறப்பாகிறது.

இதே உணவைக் குறிக்கும் ‘ஃப்ரை-அப்’ என்னும் ஆங்கிலப் பேச்சுவழக்கையொட்டிய ‘பொரியல் தட்டு’ம் பொருந்தவில்லை. பொரியல் என்றால் தமிழகத்தில் காய்கறி நினைவுக்கு வரும்; இலங்கையில் மீன் பொரியல் என்பதுபோல எண்ணெயில் பொரித்ததையே குறிக்கும் என்றாலும், இவ்வுணவில் தக்காளியைப் பெரும்பாலும் கிரில்லில் வாட்டுகிறார்கள், டப்பாவில் வரும் அவித்த பீன்ஸைச் சூடாக்க மட்டுமே செய்கிறார்கள்.

எனக்கு முதன்மையாகப் படுவது பொரிப்பதன்று. பல பண்டங்கள் ஒரே வேளையில், ஒரே தட்டில், சூடாக வந்து சேர்வதுதான். ஞாயிறு காலையில் குடும்பம் முழுவதற்கும் சமைப்பவர், வேக நேரமெடுக்கும் சாசேஜை முதலில் வாணலியிலிட்டு, அடுத்துப் பேக்கனையும், அது உருகிவிட்ட கொழுப்பிலேயே காளானையும் ரொட்டித் துண்டுகளையும் வதக்கி, ஆனவற்றை மிதமான சூட்டிலுள்ள அடுப்புப் பெட்டியில் (ஓவன்) சூடு தணியாமல் வைத்துவிட்டு, எல்லோரும் மேசைக்கு வந்த பின்னரே முட்டையை உடைத்து ஊற்றுகிறார். இந்த ஒருங்கிணைப்புதான் அந்த உணவின் உயிர். ஆங்கிலத்தில் இதை ‘ஃபுல் பிரேக்ஃபாஸ்ட்’ என்றும் சொல்வர்; அதில் ‘ஃபுல்’ (முழு) என்ற அடைமொழி நிற்பதும் தட்டின் இந்த நிறைவைச் சுட்டத்தான்.

ஆகவே, நிறைகுடம், நிறைநாழி என்னும் வழக்குகளின் வழியில் ‘நிறைதட்டு’ என்பதை முன்மொழிகிறேன். நிலப்பெயரை முன்னே சேர்க்க இது எளிதில் இடம் கொடுக்கிறது. உருளைக்கிழங்கு ஸ்கோனும் (மாவோடு பிசைந்து சுட்ட தட்டை ரொட்டி) சதுர சாசேஜும் கொண்டது ஸ்காட்லாந்து நிறைதட்டு. சோடா ரொட்டியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் சேர்ந்தது, அயர்லாந்துத் தீவின் வடபகுதியான அல்ஸ்டரின் நிறைதட்டு. கடற்பாசியை வேகவைத்துக் குழைத்த லேவர்பிரெட்டும் கிளிஞ்சல் இறைச்சியும் உடையது வேல்ஸ் நிறைதட்டு. இவை அனைத்தையும் ‘ஆங்கிலக் காலையுணவு’ என்ற பெயரில் அடக்குவது அந்நாட்டாருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

அகராதிப் பதிவு இவ்வாறு அமையலாம்: ‘நிறைதட்டு, பெ. முட்டை, பேக்கன், சாசேஜ் முதலியவற்றைச் சூடாக ஒரே தட்டில் பரிமாறும் பிரித்தானிய, அயர்லாந்துக் காலையுணவு.’

உட்பொருள்களுள் பேக்கன், சாசேஜ் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். ‘பிளாக் புட்டிங்’ மட்டும் மாற்றியாக வேண்டும், ஏனெனில் புட்டிங் என்றதும் நம்மவர் இனிப்பையே எதிர்பார்ப்பர். பன்றியின் இரத்தத்தையும் கொழுப்பையும் ஓட்ஸோடு சேர்த்து உறையில் அடைத்துச் செய்வதை உண்ணும் முன்னரே வாசகர் அறிந்திருப்பது முறை. ‘இரத்த சாசேஜ்’ போதுமென நினைக்கிறேன். மாற்றுச் சொல் உள்ளவர்கள் எழுதுங்கள்.