அப்பாவுக்குப் பெருங்குடல் அறுவை சிகிச்சை: பை வைக்க வேண்டியிருக்குமா?

கேள்வி (தண்டையார்பேட்டை மகள்):
காசிமேட்டில் வலை பின்னும் என் அப்பாவுக்கு 63 வயது. மாத்திரை சாப்பிட்டும் இரத்தசோகை தீராததால் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரியவந்தது. அடுத்த வாரம் லேப்ராஸ்கோபி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாக, அறுவை சிகிச்சை. கத்தியைவிட, மலம் சேர வயிற்றில் பை மாட்டிவிடுவார்களோ என்றுதான் அவர் அஞ்சுகிறார். எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்தபின் எப்படியிருக்கும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், வண்ணாரப்பேட்டை):
வலப்பக்கக் கட்டியென்றால் அந்தப் பகுதிப் பெருங்குடலையும், சிறுகுடலின் கடைசிச் சிறு துண்டையும், சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டு, சிறுகுடலை எஞ்சிய பெருங்குடலோடு இணைத்துவிடுவார்கள். ஆகவே பெரும்பாலானோருக்குப் பை தேவைப்படுவதில்லை. கட்டி மலக்குடலில் இருந்தாலோ, குடல் அடைத்துக்கொண்டு அவசரமாகச் செய்ய நேர்ந்தாலோதான் அந்தப் பேச்சு அதிகம் வரும். ஆனாலும் ஒப்புதல் படிவத்தில் பையைப் பற்றி ஒரு வரி இருக்கக்கூடும். கையெழுத்துப் போடும் நேரத்தில் அதைக் கண்டு அவர் மிரளாதபடி, முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு விளக்கிவிடுங்கள்.

சிக்கல் இல்லையென்றால் 4 முதல் 7 நாட்களில் வீடு திரும்பலாம். மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள். வலிக்கிறதென்று அவர் படுத்தே இருந்தால் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப்பயிற்சிக் கருவி ஒன்று தருவார்கள். அது உறிஞ்சுவதற்கு, ஊதுவதற்கு அல்ல. பலர் அதை ஊதிக்கொண்டே இருப்பதை வார்டில் பார்த்திருக்கிறேன். உண்மையில் கவலைப்பட வேண்டியது குடலை இணைத்த இடத்தில் கசிவு ஏற்படுவதைப் பற்றித்தான். முதல் வாரத்தில் காய்ச்சலோ, படபடப்போ, வயிறு உப்பிக் கூடிக்கொண்டே போகும் வலியோ வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

பதில் (இராயபுரம்வாசி):
எனக்கும் இதே வலப்பக்கம்தான். தினமும் காலையில் மருத்துவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "காற்று பிரிந்ததா?" என்பதுதான். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளமாம். மூன்றாம் நாள் பிரிந்தது. என் மனைவி அதை வார்டு முழுவதும் அறிவித்துவிட்டார். வீட்டுக்கு வந்தபின் நாளுக்கு ஐந்தாறு முறை தளர்வாகப் போனபோது நோய் திரும்பிவிட்டதென்றே பயந்தேன். நீரை உறிஞ்சும் குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டதால் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. கஞ்சி, இட்லி, தயிர்சாதம் எனத் தொடங்கினேன். முருங்கைக்காயையும் கீரைத்தண்டையும் சில வாரம் தள்ளிவைக்கச் சொன்னார்கள். ஆறு வாரத்துக்கு லாரித் தண்ணீர்க் குடத்தை மட்டும் அப்பா தொடவே கூடாது.

பதில் (செவிலியர்):
ஒன்றை விட்டுவிட்டேன். எடுத்த பகுதியின் பரிசோதனை முடிவு வந்ததும் எத்தனை நிணநீர் முடிச்சுகளைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். குறைந்தது 12 பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அவற்றில் நோய் பரவியிருந்தால்தான் பெரும்பாலும் கீமோதெரபி பற்றிப் பேசுவார்கள். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். வலைக்கு எப்போது திரும்பலாம் என்றுதான் கேட்கிறார்.

பதில் (இராயபுரம்வாசி):
மருத்துவர் சரியென்றால் மூன்று, நான்கு வாரத்தில் உட்கார்ந்து பின்னலாம். வலையைத் தூக்குவதை வேறு யாராவது செய்யட்டும்.