கள்ளு, பீர்ல இரும்புச்சத்து இருக்குன்னு மாமா சாதிக்காக, நெசமா?

பரப்பாடிப் பையன்:
எங்க மாமாவுக்கு ஹீமோகுளோபின் 10தான் இருக்கு. பாளையங்கோட்டையில டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்தும் தொட மாட்டேங்காக. "அந்தக் காலத்துல கள்ளு குடிச்சுத்தாம்ல திடமா இருந்தோம். இப்ப அது இல்ல, பீர் குடிச்சா அதே சத்துதான்"ங்காக. பீர் கிடைக்காத அன்னைக்கு குவாட்டர். அத்தை தலையில அடிச்சுக்கிடுதாக. எண்ணோட யாராவது சொல்லுங்க, படிச்சுக் காட்டணும்.

விடிலிக்காரர் மகன்:
தம்பி, எங்கப்பா உடன்குடிப் பக்கம் பனையேறி. நான் கெமிஸ்ட்ரி வாத்தியாரா இருந்து ஓய்வாயிட்டேன். ரெண்டு பக்கமும் தெரியும்.

குவாட்டர்ல சத்துன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. பிராந்தி, விஸ்கி எல்லாம் காய்ச்சி வடிக்கிறது. ஆல்கஹாலும் கொஞ்சம் தண்ணியும் ஆவியா மேல போவும். இரும்பு, கால்சியம், பொட்டாசியம் அடியிலேயே தங்கிரும். நம்ம ஊர்ச் சரக்குக்குப் பெரும்பாலும் மூலம் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு. அதுல இதெல்லாம் நல்லாவே உண்டு. வடிச்சு மிஞ்சுற கழிவுத் தண்ணியில பொட்டாசியம் கூடுதல்ங்கிறதால அதைப் பக்குவப்படுத்தி வயலுக்கு உரமா விடுதாங்க. சத்து கரும்புக்குப் போவுது, மாமாவுக்குப் போதை மட்டும்.

பீர் வடிக்காதது, அதனால கொஞ்சம் தங்கும். 650 மில்லி பாட்டில்ல பொட்டாசியம் சுமார் 175 மில்லிகிராம். ஒரு வாழைப்பழத்துல 400 பக்கம் இருக்கு. இரும்பு 0.1 சொச்சம்தான். ஆம்பளைக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் வேணும்னு ஐ.சி.எம்.ஆர்., அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2020-ல சொல்லியிருக்கு. பாட்டில் கணக்கை மாமாவையே போடச் சொல்லு.

கள்ளுக்கு வருவோம். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவாங்க. தடவின கலயத்துல விடியக்காலம் இறக்குறது பதனி. தடவாததுல அந்நேரத்துக்கே நுரை கட்டிப் புளிப்பு வாடை வந்திரும், அது கள்ளு. ரெண்டும் ஒரே பாளை, ஒரே சாறு. பொட்டாசியம் சாறுலயே உண்டு. பதனியில கூடுதல் கால்சியம் அந்தச் சுண்ணாம்பு தந்தது. தடவுறவரு கை கொஞ்சம் தாராளமாப் போனா குடிக்கிறவன் நாக்கு பொத்துரும். கள்ளுல சுண்ணாம்பும் கிடையாது. 1987-லயே நம்ம மாநிலத்துல கள்ளைத் தடை பண்ணியாச்சு. தடை சரியா தப்பாங்கிறது வேற வழக்கு, அதுக்குச் சத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

மாமா திடமா இருந்தது பனையேறின உடம்பால, கம்பங்கூழால.

வார்டு அக்கா:
நர்ஸாப் பார்த்ததைச் சொல்லுதேன். குடிச்சா ஒண்ணுக்கு ஜாஸ்தி போவும்லா, அதோட மக்னீசியமும் துத்தநாகமும் போயிரும். ரொம்பக் குடிக்கிறவங்களுக்கு மக்னீசியம் குறைஞ்சு கை கால் இழுத்துப் பிடிக்கிறதை வார்டுல நிறையப் பார்க்கலாம்.

இரும்பு நிறைய இருந்த பீரும் உலகத்துல உண்டு. ஆப்பிரிக்காவுல தெற்குப் பக்கம் கிராமத்து ஜனங்க இரும்பு டிரம்ல பீர் காய்ச்சினாங்க. அந்தப் புளிப்புக்கு இரும்பு கரைஞ்சு லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல ஏறிச்சு. பல பேருக்கு ஈரல்ல இரும்பு படிஞ்சு ஈரலே கெட்டுப் போச்சு.

இன்னொண்ணு தம்பி, இதுதான் முக்கியம். குடிக்கிற ஆம்பளைக்கு ரத்தம் 10-க்கு இறங்கினா வயித்துப் புண்ணுல கசிவு இருக்கான்னு பார்க்கணும். மலம் கறுப்பாப் போவுதான்னு கேளுங்க. மாத்திரை ஆரம்பிச்ச பிறகு கேட்டா பிரயோசனம் இல்ல, அதுலயும் கறுப்பாத்தான் போவும். டாக்டர்கிட்ட குடியையும் மறைக்காம சொல்லுங்க. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை ஒண்ணுலயே 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. டீயோட போடக் கூடாது.

பரப்பாடிப் பையன்:
படிச்சுக் காட்டிட்டேன். கறுப்பாத்தான் போவுதாம், இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். "அப்போ பதனியாவது குடிக்கலாம்லா?"ங்காக. சுகரும் இருக்கு.

விடிலிக்காரர் மகன்:
சுகருக்குப் பதனி ஆகாது, நூத்துக்குப் பத்துக்கு மேல சர்க்கரை. முதல்ல வயித்தைப் பார்க்கட்டும். சாப்பாட்டுக்கு என்னன்னு அங்கேயே கேட்டுட்டு வா.