பரோலோ ஒயினும் வத்தக்குழம்பும்: இத்தாலிய விருந்தினருக்கு என்ன சமைக்கலாம்?

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருடன் பணிபுரியும் இத்தாலியர் ஒருவர், ஊரிலிருந்து வந்திருக்கும் தம் பெற்றோரை அழைத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு மதிய உணவுக்கு வருகிறார். வட இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தின் ஆல்பா நகரத்துக்காரர்கள். உறவினர் தோட்டத்தில் செய்த பரோலோ ஒயின் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நான் மது அருந்துவதில்லை; கணவர் எப்போதாவது சிறிது எடுத்துக்கொள்வார். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வரும் பொருளுக்கு உரிய மரியாதையை எங்கள் இலையிலும் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள். அவர்கள் அந்த ஒயினைப் பற்றிப் பேசியபோது, தஞ்சாவூரில் வீணை வாங்குபவர்கள் அதைச் செய்த வீட்டைச் சொல்வதுபோல, முதலில் குடும்பத்தின் பெயரையே சொன்னார்கள். அங்கே குடும்பப் பெயருக்கு ஏன் இத்தனை மதிப்பு? அடுத்தது, நான் திட்டமிட்டிருப்பது முழுச் சைவச் சாப்பாடு: வத்தக்குழம்பு, ரசம், சேனை வறுவல், அவியல், பாயசம். இதில் எது அந்த ஒயினோடு சேரும், எது சேராது?

அர்னோக்கரை எழுதியது:

அம்மா, பணி நிமித்தம் ஃப்ளோரன்சில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது ஜெயநகரில் வசிக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல இயலும்.

ஃப்ளோரன்சின் அந்தினோரி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1385இல் அந்நகர ஒயின் வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். அந்தத் தொழில் இன்று இருபத்தாறாம் தலைமுறையில் மூன்று சகோதரிகளின் கைக்கு வந்திருக்கிறது. கியாந்தி மலைப்பகுதியிலுள்ள ப்ரோலியோ கோட்டை 1141 முதல் ரிகாசோலி குடும்பத்துக்கு உரியது. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமராக இருந்த பெத்தீனோ ரிகாசோலி, அந்தக் கோட்டையில் பல ஆண்டுகள் சோதனை செய்துபார்த்துவிட்டு, சாஞ்சோவேஸே திராட்சையே முதன்மையாக இருக்க வேண்டும், அதன் கடுமையைத் தணிக்கக் கனயோலோ என்ற இன்னொரு திராட்சை சேர வேண்டும் என்று 1872இல் ஒரு கடிதத்தில் எழுதிவைத்தார். கியாந்தி ஒயினின் சேர்மானத்துக்கு அந்தக் கடிதமே அடிப்படையாயிற்று.

ஆனால் ஃப்ளோரன்சும் கியாந்தியும் அடங்கிய டஸ்கனி மாநிலத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விடாமல் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். அங்கே பாட்டிலில் இருந்த பெயர் நிலத்துக்காரருடையது. கொடியைக் கவாத்துச் செய்து குலையை அறுத்தவர்கள் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்கள். மெட்சத்ரியா என்று வழங்கிய அந்த முறையில் விளைச்சலில் ஏறக்குறையப் பாதி நிலத்துக்காரருக்குப் போனது. புதிதாக அவ்வாறு ஒப்பந்தம் செய்வதை 1964இல்தான் சட்டம் தடைசெய்தது. காவிரிப் படுகையைச் சேர்ந்த நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆல்பாவைச் சுற்றியுள்ள லாங்கே மலைகளின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் சிறு உழவர்களே. ஒரு சரிவில் இரண்டு ஏக்கர், அடுத்த சரிவில் ஒரு ஏக்கர் என்று வைத்திருந்து, விளைந்த திராட்சையை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவந்தார்கள். அந்த நிலையை மாற்ற, பரோலோவுக்கு அருகிலுள்ள பார்பரேஸ்கோ ஊரின் பாதிரியார் 1958இல் பத்தொன்பது விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். முதல் சில ஆண்டுகளின் ஒயினைத் தேவாலயத்தின் நிலவறையில்தான் செய்தார்கள். தங்கள் பெயரிலேயே பாட்டிலில் அடைத்து விற்கும் துணிவு பல குடும்பங்களுக்கு அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் வந்தது. உங்கள் விருந்தினர் குடும்பத்தின் பெயரை முதலில் சொல்வதை நான் இந்தப் பின்னணியில்தான் கேட்கிறேன்: கொடியை வளர்த்தவர்களின் பெயரே லேபிளில் ஏறியிருக்கிறது.

ஃப்ரேஸர் டவுன் அடுக்களை எழுதியது:

நான் உணவகச் சமையலில் இருப்பவள். பியெமோந்தேயின் தலைநகரான தூரினில் ஒன்றரை ஆண்டு பயிற்சி பெற்றேன். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பரோலோ முழுக்க நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்யப்படுவது. மரப்பீப்பாயில் 18 மாதங்களாவது இருந்து, மொத்தம் 38 மாதங்களாவது முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரவேண்டும் என்பது விதி. நிறத்தைப் பார்த்தால் மென்மையானது என்று தோன்றும். வாயில் வைத்தால் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்ததுபோல நாக்கை இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பை அடக்குவது கொழுப்பு. அதனால்தான் அங்கே அதை மாட்டிறைச்சியோடும், முதிர்ந்த பாலாடைக்கட்டியோடும், முட்டை மஞ்சள்கரு சேர்த்துப் பிசைந்து மெல்லிய இழைகளாக அரிந்து வெண்ணெயில் புரட்டிய தாயரீன் என்ற பாஸ்தாவோடும் பரிமாறுகிறார்கள்.

நம் சாப்பாட்டில் அந்த வேலையை நெய் செய்யும். முதலில் பருப்பும் நெய்யும், மிளகு மட்டும் போட்டு நன்றாக முறுக விட்ட சேனை வறுவலும், தேங்காயைத் தாராளமாக அரைத்துவிட்ட அவியலும் வையுங்கள். பரோலோவை அப்போதே ஊற்றிவிடுங்கள். மிளகாய்க் காரம் துவர்ப்பையும் மதுவின் எரிச்சலையும் கூட்டிவிடும் என்பதால், ரசம் வரும்போது அந்தக் கோப்பை காலியாக இருப்பது நல்லது.

வத்தக்குழம்பைக் கைவிட வேண்டாம். அதே ஊரில் விளையும் பார்பேரா என்ற ஒயினில் புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. புளிக்கு அது ஈடுகொடுக்கும். பியெமோந்தேயில் குளிர்காலத்தில் பாஞ்ஞா கவுதா என்ற ஒன்றைச் செய்வார்கள். பூண்டையும் உப்பிட்ட நெத்திலி போன்ற மீனையும் ஆலிவ் எண்ணெயில் குழையும்வரை சிறுதீயில் வைத்து, சிறு விளக்கின் மேல் சூடாகவே இருக்கும் அந்தச் சட்டியில் எல்லோரும் காய்களைத் தோய்த்து உண்பார்கள். பக்கத்தில் பார்பேராதான் இருக்கும். அடுப்பில் பூண்டு எண்ணெயில் கரையத் தொடங்கும்போது எழும் வாசனை எனக்கு ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டுப் பூண்டுக் குழம்பையே நினைவூட்டியது. குழம்பில் பத்துப் பல் பூண்டு கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெற்றோருக்குத் தெரிந்த வாசனையாக இருக்கும்.

பாயசத்தோடு ஒயின் வேண்டாம். இனிப்பு மிகுந்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்து வண்டலைப் படிய விடச் சொல்லுங்கள். இங்குள்ள வெப்பத்துக்கு, திறக்கும் முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தெடுப்பது நல்லது.

கம்பத்துக்காரன் எழுதியது:

தொட்டபள்ளாப்பூர் அருகே ஒரு ஒயின் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அந்தப் பெரியவருக்குத் தோட்டப் பழக்கம் இருந்தால் இதைச் சொல்லுங்கள், நிச்சயம் ஆர்வமாகக் கேட்பார். அவர்கள் ஊரில் குளிரில் கொடி உறங்கிவிடும். நெபியோலோவை அக்டோபர் மாதத்தில் அறுப்பார்கள். இங்கே கொடி உறங்குவதே இல்லை. அதனால் நாங்கள் ஏப்ரலில் கொடி வளர ஒரு கவாத்து, மழை ஓயும் நேரத்தில் காய் பிடிக்க இன்னொரு கவாத்து என்று இருமுறை வெட்டி, பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. எங்கள் கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் உண்மையான வகைப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று வட இத்தாலியின் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் விளையும் ஸ்கியாவா க்ரோஸா. மற்றொன்று அலெக்சாந்திரியா மஸ்கட், சிசிலிக்கு அப்பால் பந்தெல்லேரியா தீவில் ஜிபிப்போ என்று வழங்கும் கொடி. அந்தத் தீவில் காற்று கடுமையாக வீசுவதால், நம்மைப்போலப் பந்தல் போடாமல், தரையில் சிறு குழி பறித்து அதற்குள் குட்டையாக வளர்க்கிறார்கள். அந்தச் சாகுபடி முறையை 2014இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. சாப்பாட்டின் முடிவில் ஒரு தட்டுப் பன்னீர் திராட்சை வையுங்கள், அம்மா. அவர்களுக்கு அது அயல்பழம் இல்லை.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பருப்பு, நெய், சேனை, அவியல் முதலில், குழம்பு அடுத்து, ரசம் கடைசியில் என்று வரிசையை மாற்றிக்கொண்டேன். பார்பேரா ஒன்று வாங்கி வைக்கக் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். குழம்புக்குப் பூண்டு உரிக்கும் வேலையை என் மாமியார் சனிக்கிழமை மாலையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கம்பத்துக்காரரிடம் மட்டும் ஒரு கேள்வி: ஞாயிறு காலையில் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் வாங்கும்போது, பன்னீர் திராட்சையை மற்றக் கறுப்புத் திராட்சையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

கம்பத்துக்காரன் எழுதியது:

முகர்ந்து பாருங்கள், அம்மா. ஒரு பழத்தைப் பிதுக்கினால் பன்னீர் வாசம் உடனே வர வேண்டும். உள்ளே விதை இருக்கும். வாசம் இல்லாத குலையை எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள்.