டோமோன் கென்: பிள்ளைகளை விட்டுவிட்டுச் சிலைகளிடம் போனவரா?

கரித்துண்டு:
ஒரு வாரமாக ஜப்பானியப் புகைப்படக்காரர் டோமோன் கென் எடுத்த படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், திட்டுபவர்கள் திட்டலாம். 1960-இல் சிகுஹோ நிலக்கரிச் சுரங்கப் பகுதிப் பிள்ளைகளின் படத்தொகுப்பு வந்ததோடு அவருடைய உண்மையான வேலை முடிந்துவிட்டது. ஜப்பான் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதில் வேலை போன தொழிலாளர் வீடுகளில், அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்த பிள்ளைகள் அவர்கள். அப்புறம்? 1963 முதல் 1975 வரை 'கோஜி ஜுன்ரெய்' (பழங்கோயில் யாத்திரை) என்று ஐந்து தொகுதிகள், முழுக்கக் கோயிலும் புத்தர் சிலையும். "ஆளை நிற்கவைத்து எடுக்காதே, இருப்பதை அப்படியே எடு" என்று ஐம்பதுகளில் பத்திரிகைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்து ஊருக்கே பாடம் நடத்தியவர் இவர்தானே?

பழைய லென்ஸ்:
அவர் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீங்கள். சிகுஹோ தொகுப்பு வந்த காலத்தையொட்டித்தான் மூளையில் முதல் ரத்தக்கசிவு. அதற்கப்புறம் 35 எம்.எம். கேமராவைக் கையில் பிடித்தபடி பிள்ளைகள் பின்னால் ஓட முடியுமா? பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தித்தான் எடுக்க முடிந்தது. அதன் முன்னால் ஓடாமல் நிற்பது சிலைதான். 1968-இல் மறுபடியும் தாக்கியது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலி. அப்போதும் விடவில்லை மனிதர். உதவியாளர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கரித்துண்டு:
உடம்பைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் உடம்பு நன்றாக இருந்தபோதும் இதையே செய்திருக்கிறார். 1935-இல் நிப்பான் கோபோவில் சேர்ந்தார். ஜப்பானின் பெருமையை வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டும் இதழ் நடத்திய இடம் அது. பிறகு போர் முற்றியபோது எங்கே இருந்தார்? புன்ராக்கு பொம்மலாட்ட மேடைக்குப் பின்னால். ஆயிரக்கணக்கில் நெகட்டிவ். நெருக்கடி வந்தால் பழங்கலைக்குள் புகுந்துகொள்வது அவர் வழக்கம்.

பழைய லென்ஸ்:
அந்தக் காலத்தில் கேமராக்காரனுக்குச் சுலபமாகக் கிடைத்த வேலை படையைப் புகழ்ந்து படம் எடுப்பது. அதை விட்டுப் பொம்மலாட்டத்துக்குப் போனவரை ஓடிப்போனார் என்கிறீர்களா? இன்னொன்று, நாராவில் இருக்கும் முரோஜி கோயிலுக்கு அவர் முதலில் போனது 1939-இல். அணுகுண்டில் பாதிக்கப்பட்டவர்களை எடுத்த ஹிரோஷிமாவுக்குப் போனதோ 1957 ஜூலையில். சிலைகள்தான் முந்தியவை. பிள்ளைகளை விட்டுவிட்டு அங்கே போகவில்லை, பழைய இடத்துக்கே திரும்பினார்.

மூணாவது ஆள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'அப்படியே எடு' என்ற விதியை அவரே எப்போதும் கடைப்பிடித்தாரா? உருவப்படம் எடுக்க உட்காரவைத்து இழுத்தடித்ததில் ஓவியர் உமேஹாரா ரியூசாபுரோ கோபத்தில் நாற்காலியைத் தூக்கித் தரையில் அடித்தாராம். அதுவா திடீர்ப் படம்? அந்த விதியை நம்பிய அமெச்சூர்கள் தெருவில் பிச்சைக்காரர்களையே தேடித் தேடி எடுத்து, 'பிச்சைக்காரப் படம்' என்ற கேலிப்பெயரை வாங்கியதுதான் மிச்சம்.

கரித்துண்டு:
பழைய லென்ஸ் சார், 1939 கணக்கு எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால் என் சந்தேகம் கூடத்தான் செய்கிறது. அப்படியானால் ஹிரோஷிமாவும் சிகுஹோவும்தான் இடையில் வந்துபோனவையா? 1958 ஹிரோஷிமா தொகுப்பில் தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சையைக் கத்திக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்திருக்கிறார். அந்த மனிதரை நான் இழக்க விரும்பவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. சிகுஹோ தொகுப்பை மட்டமான தாளில் அச்சடித்து 100 யென்னுக்கு விற்கச் சொன்னவர் அவரே. இந்தப் பிள்ளைகளை வழவழப்புத் தாளில் பார்க்கக் கூடாது என்பதுதான் எண்ணம். லட்சம் பிரதிக்கு மேல் போனது. கோயில் தொகுதிகளோ பெரிய அளவு, பெரிய விலை. எந்தச் சுரங்கக்காரன் வாங்குவான்?

பழைய லென்ஸ்:
விலைக்கு என்னிடம் பதில் இல்லை, அது நியாயமான அடி. ஆனால் 1978 மார்ச்சில் முரோஜியில் எடுத்த பனிப்படத்தை ஒருமுறை பாருங்கள். பனி விழாதா என்று அங்கே காத்துக் கிடந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி எடுத்தது. அடுத்த வருடம் மூன்றாவது தாக்குதல். அதற்கப்புறம் நினைவு திரும்பாமலே பதினோரு வருடம் கிடந்து 1990-இல் போய்ச் சேர்ந்தார்.

கரித்துண்டு:
பார்த்தேன். நல்ல படம். சிகுஹோவுக்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன்.

மூணாவது ஆள்:
சகாடாவில், அவர் பிறந்த ஊரில், 1983-இல் அவருக்கென்றே திறந்த அருங்காட்சியகத்தில் இரண்டும் ஒரே கூரையின் கீழேதான் இருக்கின்றன. உங்கள் இருவரையும் அங்கே கூட்டிப்போனால் வாசலிலேயே அடித்துக்கொள்வீர்கள்.